பக்கத்து வீட்டு இம்பாலா

மகளின் முதல் பிரசவத்துக்காக 2023-ஆம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்கா போயிருந்தேன். கலிபோர்னியா மாநிலத்தில் ஸான் ஹோஸே என்ற ஊர். கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த ஊர் என்பதால் நம் தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். என் மாப்பிள்ளைக்கும் அப்படி ஒரு கம்பெனியில்தான் வேலை. வீடு மட்டும் ஊரின் கிழக்குப் பக்கத்தில். அங்கே மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பங்கள்தான் அதிகம்.

போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டு வாசலில் பச்சை நிறத்தில் நீளமான பழைய கார் ஒன்று. 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், காரின் பின்பக்கம் மெல்லத் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. அடுத்த நிமிஷம் முன்பக்கம் எழும்பிக் குதித்தது! சுற்றி நாலைந்து ஆண்கள், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தார்கள். ஒருவர் தலை மொட்டை. ரேடியோவில் ஏதோ பழைய பாட்டு.

"இது என்னடி அநியாயம்? நிறைமாசக்காரி இருக்கிற இடத்துல இப்படியா கூத்தடிப்பாங்க? பார்த்தா ரௌடிங்க மாதிரி இருக்காங்க. ஏண்டி இந்தத் தெருவுல வந்து வீடு பிடிச்சீங்க?" என்று கத்தினேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அந்த மொட்டைத் தலை அண்ணன் ஸ்கூல் பஸ் ஓட்டறவர். சாயங்காலம் அவங்க அம்மாவே உனக்குப் பலகாரம் கொண்டு வருவாங்க பாரு" என்றாள்.

அப்படியே நடந்தது. சாயங்காலம் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாள் தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். சோள மாவைச் சோளத் தோகையில் வைத்துக் கட்டி ஆவியில் வேக வைத்த 'தமாலே'. நம் ஊர் இலைக் கொழுக்கட்டைக்கு அக்கா முறை என்று சொல்லலாம்! நான் சைவம் என்று மகள் முன்பே சொல்லி வைத்திருந்ததால், உள்ளே சீஸும் மிளகாயும் மட்டும் வைத்திருந்தார். பதிலுக்கு நான் மறுநாள் ரசம் கொடுத்தனுப்பினேன். தெருப் பிள்ளைகள் அவரை 'அபுவேலா' என்று கூப்பிடுவார்கள். ஸ்பானிஷ் மொழியில் பாட்டி என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். என் இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனாலும் எங்கள் பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை.

தணிவாக, மெதுவாக

அந்தக் காருக்கு 'லோ ரைடர்' என்று பெயர். தரையை ஒட்டி, ஆமை வேகத்தில் ஊர்வலம் போவதற்கென்றே அலங்கரித்த கார். 'தணிவாக, மெதுவாக' என்பதுதான் இவர்களுடைய தாரக மந்திரம். மற்றவர்கள் காரை வேகமாக ஓட்டிப் பெருமைப்படுவார்கள். இவர்களுக்கு மெதுவாக ஓட்டுவதில்தான் பெருமை. நம் ஊர்த் தேர் வேகமாக வந்தால் அழகாகவா இருக்கும்? அதே கதைதான்.

இது இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய வழக்கம். புதுக் கார் வாங்க அவர்களிடம் வசதி கிடையாது. வெள்ளைக்காரர்கள் ஓட்டிக் கழித்த பழைய ஷெவர்லே கார்களை வாங்கி, தாங்களே ரிப்பேர் பார்த்து, டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்துவார்களாம். பிறகு ஸ்பிரிங்கையே அறுத்துக் குறைத்தார்கள்.

போலீஸுக்கு இது பிடிக்கவில்லை. சக்கரத்தின் இரும்பு விளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று 1958-இல் கலிபோர்னியாவில் சட்டமே வந்துவிட்டது. அடுத்த வருஷமே ரான் அகிரே என்ற இளைஞர் அதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார். பழைய விமானங்களிலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் பம்புகளைத் தன் காரில் பொருத்திவிட்டார். ஸ்விட்சைத் தட்டினால் கார் இறங்கும். போலீஸ் வந்தால் இன்னொரு தட்டு, கார் சட்டப்படி உயரத்துக்கு வந்துவிடும்! சட்டத்துக்குப் பயந்து செய்த வேலைதான் பின்னால் பெரிய கலையாகிவிட்டது.

எப்படி வேலை செய்கிறது என்று அபுவேலாவின் மகனே டிக்கியைத் திறந்து காட்டினார். பல் டாக்டர் நம்மை உட்கார வைத்து ஏற்றி இறக்குகிற நாற்காலி, ஸர்வீஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்குகிற மேடை, இவற்றின் அதே தத்துவம்தான். மோட்டார் ஓடும்; பம்ப் எண்ணெயைக் குழாய் வழியாகத் தள்ளும்; சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிலிண்டர் நீண்டு காரைத் தூக்கும். வால்வைத் திறந்தால் எண்ணெய் திரும்பிவிடும், கார் இறங்கிவிடும். அந்த மோட்டாருக்கு மின்சாரம் தர டிக்கி நிறைய பாட்டரிகள்! எட்டு எண்ணினேன்.

"உள்ளே எண்ணெயின் அழுத்தம் ரொம்ப அதிகம். சின்னப் பிள்ளைகளை டிக்கி பக்கமே விடமாட்டோம். பாட்டரி வேலை செய்கிறவர் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை வண்டியில் இருந்தால் ஸ்விட்சைத் தொடுவதில்லை" என்று அவர் கண்டிப்பாகச் சொன்னபோது, 'ரௌடி' என்று நான் சொன்னது எனக்கே சுருக்கென்றது.

புடவைக்கு ஜரிகை போல

எனக்கு மெக்கானிக் விஷயம் பாதிதான் புரிந்தது. ஆனால் பெயிண்ட் விஷயம் நன்றாகப் புரிந்தது. பெண்களாயிற்றே நாம்! முதலில் வெள்ளி அல்லது தங்க நிறத்தில் ஒரு பூச்சு. சில சமயம் அதில் மினுக்குத் தூள் கலப்பார்கள். அதன்மேல் சாயம் கலந்த, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் பெயிண்டைப் பல தடவை மெல்லிசாக அடிப்பார்கள். வெயில் பட்டால் உள்ளிருந்து ஜரிகை போல் ஒளி வரும். இதற்குக் 'கேண்டி' பெயிண்ட் என்று பெயர். மிட்டாய் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். உள்ளே வெல்வெட் மெத்தை. சின்னச் சின்னக் கம்பிகளால் ஆன சக்கரம். பின்கண்ணாடியில் கிளப்பின் பெயர் பொறித்த உலோகப் பட்டயம். சில கார்களில் குவாதலூப்பே மாதா படம், இறந்துபோன தாத்தா பாட்டி படம் எல்லாம் தீட்டியிருப்பார்கள்.

இந்தக் கார்களிலேயே மகாராணி 'ஜிப்ஸி ரோஸ்'. 1964-ஆம் வருஷத்து ஷெவர்லே இம்பாலா. ஜெஸி வலாடெஸ் என்பவருடையது. இளஞ்சிவப்புக் கார் முழுக்க ரோஜாப் பூக்கள். 1974-இல் தொடங்கிய ஒரு டெலிவிஷன் தொடரின் ஆரம்பக் காட்சியில் வந்து நாடு முழுக்கப் பிரபலமானது. 2011-இல் அவர் காலமானபோது அந்தக் காரும் இறுதி ஊர்வலத்தில் போனது. 2017-இல் அமெரிக்காவின் சரித்திரப் புகழ் பெற்ற வாகனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்து, தலைநகர் வாஷிங்டனில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து மக்கள் பார்க்கச் செய்தார்கள். போலீஸ் ஒரு காலத்தில் விரட்டிய வண்டி இனத்துக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை பாருங்கள்!

கிளப் என்றால் இன்னொரு குடும்பம்

"கார் கிளப் என்று சொல்கிறீர்களே, சீட்டாடுகிற கிளப் மாதிரியா?" என்று அபுவேலாவைக் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"என் கணவர் போனபோது ஐந்து நாள் என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கிளப் வீடுகளிலிருந்துதான் சாப்பாடு வந்தது. சவ அடக்கச் செலவுக்காக அவர்கள் ஒரு ஞாயிறு முழுக்கக் கார் கழுவிக் கொடுத்துப் பணம் சேர்த்தார்கள்" என்றார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1962-இல் ருவேலாஸ் சகோதரர்கள் தொடங்கிய 'ட்யூக்ஸ்' கிளப் இன்றைக்கும் பேர் சொல்லும் கிளப். அண்ணன் தம்பிகள் தொடங்கியது, பிள்ளைகள் கைக்கும் போயிருக்கிறது. பெரும்பாலான கிளப்புகளில் இதுதான் வழக்கம். தகப்பன் பெயிண்ட் உரசும்போது மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். கார் ஓட்ட வயது வராத பிள்ளைகளுக்கு அதே மாதிரி தாழ்த்தி அலங்கரித்த சைக்கிள் உண்டு. இப்போது பெண்களே நடத்தும் கிளப்புகளும் இருக்கின்றன. அம்மாக்கள், பாட்டிகள்கூட ஸ்டியரிங் பிடிக்கிறார்கள்.

ஸான் ஹோஸேக்கு இதில் தனிப் பெருமை. 'லோ ரைடர்' என்ற பத்திரிகை 1977-இல் இந்த ஊரில்தான் பிறந்தது. தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள். 2019 வரை அச்சில் வந்தது. கிங் ரோடும் ஸ்டோரி ரோடும் சந்திக்கும் முனையில் வார இறுதிகளில் கார்கள் வரிசை வரிசையாக ஊர்ந்து போகுமாம். அபுவேலா தம் கணவரை முதலில் பார்த்ததே அங்கேதானாம். சொல்லும்போது இந்த வயதிலும் முகம் சிவந்தது!

பிறகு கெடுபிடி வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் விட்டியர் பூலவார்டு சாலையை 1979-இல் மூடினார்கள். ரவுடிக் கும்பல், போக்குவரத்து நெரிசல் என்று காரணம் சொல்லி, 1980-களில் பல ஊர்களில் இப்படி ஊர்ந்து போவதற்கே தடை போட்டார்கள். சண்டை சச்சரவே நடக்கவில்லை என்று அபுவேலாவும் சொல்லவில்லை. "யாரோ நாலு பேர் செய்ததற்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போன எங்களையும் நிறுத்தி டிக்கெட் கொடுத்தார்கள்" என்பதுதான் அவர் மனக்குறை. ஸான் ஹோஸேயில் 2022-இல் தடை நீங்கியது. நான் அங்கே இருந்தபோதே, 2023 அக்டோபரில், மாநிலம் முழுக்க இந்தத் தடைகளை எடுக்கும் சட்டத்தில் கவர்னர் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி முதல் அமல். 1958-ஆம் வருஷத்துப் பழைய கட்டுப்பாடும் அதோடு போயிற்று. அன்று தெருவில் தீபாவளி மாதிரி ஹாரன் சத்தம். என் பேத்தி பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தூக்கம் கலைந்து வீறிட்டாள். நான் திட்டவில்லை!

ஒரு மனைவி முடித்து வைத்த கனவு

அபுவேலா எனக்குச் சொன்ன கதைகளில் மனதைப் பிசைந்தது ஒன்று. நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சிமாயோ என்ற கிராமம். அங்கே டேவிட் ஹராமியோ என்ற இளைஞர் 1969-ஆம் வருஷத்து ஃபோர்டு கார் ஒன்றை ஆசை ஆசையாக லோ ரைடராக மாற்றிக்கொண்டிருந்தார். வேலை முடியுமுன் 1978-இல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். மனைவி ஐரீனும் உறவினர்களும் அந்தக் காரை விற்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, பெயிண்ட், சிவப்பு வெல்வெட் எல்லாம் முடித்து, 'டேவின் கனவு' என்று பெயர் வைத்தார்கள். 1990-இல் அது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் மியூஸியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"எனக்கும் அப்படித்தான் ஆயிற்று" என்றார் அபுவேலா. வாசலில் நிற்கும் பச்சை இம்பாலா அவர் கணவருடையது. பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து முப்பது வருஷம் செய்த கார். "எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! பிள்ளைக்கு ஷூ வாங்கவா, உன் காருக்குச் சக்கரம் வாங்கவா என்று. அவர் போனபின் விற்றுவிடத்தான் நினைத்தேன். வாங்குகிறவர் முன்பணத்தோடு வந்துவிட்டார். என் மகன் ஒன்றும் பேசாமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். நாற்பது வயது ஆண்பிள்ளை, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றார்.

சகோதரிகளே, அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். அபுவேலா தம் கணவரை நினைத்து நான் அழுவதாக எண்ணிக்கொண்டார். நான் அழுதது வேறு விஷயத்துக்கு.

என் வீட்டுக்காரரிடம் பழைய லாம்பிரெட்டா ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. ஞாயிறு காலையில் அவரும் என் மகனும் அதை வாசலில் போட்டுக் கழற்றி மாட்டுவார்கள். மண்ணெண்ணெய் நாற்றமும் கறையுமாக உள்ளே வருவார்கள். "படிக்கிற பிள்ளையை மெக்கானிக் ஆக்கறீங்களா?" என்று நான் கத்தாத ஞாயிறு கிடையாது. 2016-இல் அவர் காலமானார். ஓடாத வண்டி, ரேழியில் இடத்தை அடைக்கிறது என்று நினைத்து, ஆறு மாதத்தில் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். மகன் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தான். அவனைக் கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தீபாவளிக்கு வந்தவன் ரேழியைப் பார்த்தான். "வண்டி எங்கம்மா?" என்றான். சொன்னேன். "சரி" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னிடம் அவன் பேசுவது 'சரி', 'ம்', 'பார்க்கலாம்' என்று சுருங்கிப் போயிற்று. வேலை, டென்ஷன், வயசு என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

பேத்தி இம்பாலாவில் வந்தாள்

நவம்பரில் அபுவேலாவின் பேத்திக்குப் பதினைந்து வயது நிறைந்தது. மெக்ஸிகோ குடும்பங்களில் பெண்ணுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் பெரிய விசேஷம். 'கின்ஸியானேரா' என்பார்கள். நம் மஞ்சள் நீராட்டு விழா ஞாபகம் வந்தது. ஆனால் இது வயதுக் கணக்குதான், வேறெதற்கும் காத்திருப்பதில்லை. முதலில் சர்ச்சில் பூசை. பிறகு விருந்து, நடனம். தகப்பனார் பெண்ணின் தட்டைச் செருப்பைக் கழற்றிக் குதி உயர்ந்த செருப்பை மாட்டிவிடுவார். "இனி நீ குழந்தை இல்லை" என்று அர்த்தம்.

சர்ச்சிலிருந்து மண்டபத்துக்குப் பெண் தாத்தாவின் இம்பாலாவில்தான் வந்தாள். மோர் நிறக் கவுன், தலையில் சின்னக் கிரீடம். அப்பா ஓட்ட, பக்கத்தில் அபுவேலா. பின்னால் கிளப்பின் கார்கள் ஏழெட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, மாட்டு வண்டி வேகத்தில். தெருவில் போனவர்கள் நின்று கை தட்டினார்கள். மண்டப வாசலில் கார் நின்றதும் முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. பெரியவர்களுக்கு நமஸ்காரம் செய்வது போலவே இருந்தது எனக்கு.

என் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு தங்கள் காரில் கடைசியாக வந்தார்கள். குழந்தையைப் பின் ஸீட்டில், பின்பக்கம் பார்த்தபடி, அதற்கான தொட்டில் நாற்காலியில் கட்டித்தான் கூட்டிப் போகவேண்டும். இரண்டு வயது வரை அங்கே பொதுவாக அதுதான் சட்டம். இந்தப் பழக்கத்தை நம் ஊர் இளம் தாய்மார்களும் பிடித்துக்கொண்டால் நல்லது. காரில் முன் ஸீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவது மிக ஆபத்து.

நானும் போன் செய்தேன்

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் ஊரில் அப்போது பகல். கோயம்புத்தூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா? பாப்பா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்காடா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா ஸ்கூட்டரை உன்னைக் கேக்காம வித்தது தப்புடா. அது உனக்கு என்னன்னு எனக்கு அப்போ தெரியலை."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "பரவாயில்லம்மா. இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றான். குரல் கம்மியிருந்தது.

நான் அபுவேலாவின் கதையைச் சொன்னேன். இம்பாலா, எண்ணெய், குழாய், நமஸ்காரம் செய்யும் கார் எல்லாம் சொன்னேன். பாதி தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"டிக்கியில எத்தனை பாட்டரிம்மா?" என்றான் திடீரென்று.

"எட்டு. நான் எண்ணினேன்."

"ஸீரீஸ்ல போட்டிருப்பாங்க. போட்டோ எடுத்து அனுப்புறியா?"

மறுநாள் காலை முதல் வேலையாக அபுவேலா வீட்டுக்குப் போய் டிக்கியைத் திறக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தேன். அன்று முக்கால் மணி நேரம் பேசினோம். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டர் திரும்பி வராது. ஆனால் டிசம்பரில் ஊர் திரும்பியதும் பரணைக் குடைந்து பார்த்ததில், என் வீட்டுக்காரரின் டூல்ஸ் பெட்டி அப்படியே இருந்தது. ஸ்பேனர்களைத் துடைத்து எண்ணெய் போட்டு, மகனிடம் கொடுத்தேன். இந்தத் தடவை அவனைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன்.

சகோதரிகளே, நம் வீட்டு ஆண்கள் ஏதோ ஒரு பழைய சாமானை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை வீணடிக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும். ரேடியோவோ, சைக்கிளோ, மீன் தொட்டியோ எதுவானாலும் சரி, பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்கிறதா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். கொடுத்தால், காப்பியைக் கொண்டுபோய் அங்கேயே வையுங்கள். பெண் குழந்தை இருந்தால் அவளையும் அனுப்புங்கள். வீட்டைப் பெருக்கி ஒழிக்கும்போது, இறந்தவர்களின் சாமானைப் போடுமுன் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேளுங்கள்.

கறை படிந்த சட்டையை எப்படியும் துவைத்துவிடலாம்.